வெள்ளைப் பூச்செடிகளை விதையிலிருந்து வளர்க்க: புதிதாக இறங்குபவர்களுக்கு

குளிர் தாங்கும் பல்லாண்டுச் செடிகளை விதை போட்டு வளர்ப்பது கஷ்டமான வேலை இல்லை. அதைப் பற்றிக் கிடைக்கிற குறிப்புகள்தான் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. பாக்கெட்டில் ‘வசந்தத்தில் விதைக்கவும்’ என்று இருக்கும். அனுபவசாலி ஒருவர் ‘கோடை வரட்டும்’ என்பார். ஒருவர் விதையை மண்ணால் மூடச் சொல்வார், இன்னொருவர் மூடவே கூடாது என்பார். இரண்டு பேரும் சரிதான், வேறு வேறு செடியைப் பற்றிப் பேசுகிறார்கள், அவ்வளவுதான். தட்டுத்தடுமாறி இதையெல்லாம் பிரித்துப் புரிந்துகொண்ட பிறகு, வரிசையாக எழுதிவைத்தால் அடுத்தவருக்காவது அலைச்சல் மிச்சமாகும் என்று தோன்றியது.

தொடங்கும் முன் ஒன்று. இப்போது விதைத்தால் பூ பெரும்பாலும் அடுத்த ஆண்டுதான். இந்தக் கோடையிலேயே தோட்டம் வெள்ளையாக நிறைய வேண்டும் என்பவர்கள் ஓராண்டுச் செடிகளுக்குப் போய்விடலாம். கீழே வரும் மாதங்கள் வட அரைக்கோளத்துக்கானவை; தெற்கே இருப்பவர்கள் ஆறு மாதம் தள்ளிக் கணக்குப் போடுங்கள்.

1. உங்கள் ஊர்க் குளிரைத் தெரிந்துகொள்ளுங்கள்

‘குளிர் தாங்கும்’ என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் போதாது. எவ்வளவு குளிர் என்பதுதான் கேள்வி. யூஎஸ்டிஏ (அமெரிக்க விவசாயத் துறை) மண்டல எண் என்பது ஓர் இடத்தில் ஆண்டின் மிகக் குறைந்த வெப்பநிலையின் சராசரியை வைத்துப் போடப்பட்டது. எண் குறையக் குறையக் குளிர் அதிகம். பிரிட்டனின் ஆர்ஹெச்எஸ் (ராயல் தோட்டக்கலைச் சங்கம்) தரவரிசை இதற்கு நேர் எதிர்த் திசையில் போகும்: ஹெச்7 என்றால் மைனஸ் 20 டிகிரி செல்சியஸுக்கும் கீழே தாங்கும், ஹெச்4 என்றால் மைனஸ் 10 வரைதான். இரண்டையும் குழப்பிக்கொண்டு செடி வாங்குபவர்கள் நிறையப் பேர்.

இந்த எண்கள் குளிரை மட்டுமே சொல்கின்றன, வெயிலைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. குளிர்காலமே இல்லாத இடங்களில் டெல்ஃபினியம், லூபின், அக்விலீஜியா போன்றவை இலையோடு நின்றுவிடும், அல்லது கோடையில் கருகிப் போகும். அப்படிப்பட்ட இடத்தில் இருப்பவர்கள் இந்தப் பட்டியலை வைத்துப் பணம் செலவழிக்க வேண்டாம்.

2. விதையில் வெள்ளையாகவே வரும் செடிகளை மட்டும் எடுங்கள்

பேர் பெற்ற வெள்ளை ரகங்கள் எல்லாமே விதையில் வராது. இலையுதிர் காலத்தில் பூக்கும் ‘ஹானரைன் ஜோபர்ட்’ அனிமோனி, ‘டேவிட்’ ஃப்ளாக்ஸ் இரண்டும் வேர்த்துண்டு, தண்டுத்துண்டு, பிரித்து நடுதல் என்ற வழிகளில்தான் பெருக்கப்படுகின்றன. அந்தப் பெயரில் யாராவது விதை விற்றால் வாங்காதீர்கள். அதில் என்ன நிறம் வரும் என்று விற்பவருக்கே தெரியாது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்லும் முதல் நான்கு: வெள்ளை மஸ்க் மால்வா, ‘அலாஸ்கா’ ஷாஸ்டா டெய்சி, வெள்ளை லிக்னிஸ் கொரோனேரியா, வெள்ளை ஃபாக்ஸ்குளோவ். இந்த நான்கும் முளைக்க அடம் பிடிக்காது. மால்வா 60 முதல் 90 செ.மீ. உயரம் போகும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விடாமல் பூக்கும். லிக்னிஸின் சாம்பல் பூத்த இலைகள் பூ இல்லாத நாளிலும் அழகு. ஷாஸ்டாவை வெட்டிக் குவளையில் வைப்பதற்கு முன் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். வாடை சிலருக்குக் குமட்டும், தோட்டத்தில் நிற்கும்போது தெரியாது. ஃபாக்ஸ்குளோவ் உண்மையில் ஈராண்டுச் செடி: முதல் ஆண்டு இலைக்கொத்து, இரண்டாம் ஆண்டு பூ, பிறகு பெரும்பாலும் சாவு. ஆனால் தானே விதை கொட்டி முளைத்துக்கொள்வதால் காட்டேஜ் தோட்டத்தில் (பலவகைப் பூச்செடிகளை நெருக்கமாகக் கலந்து நடும் பாணி) அதைப் பல்லாண்டுச் செடி மாதிரியே நடத்துகிறார்கள்.

கொஞ்சம் பொறுமை உள்ளவர்களுக்கு: பீச்-இலைக் காம்பனுலாவின் வெள்ளை வகை, ‘ஒயிட் ஸ்வான்’ எக்கினேசியா, வெள்ளை வெர்பாஸ்கம் சாய்க்ஸி, ‘நோபிள் மெய்டன்’ லூபின். பாத்தி ஓரத்துக்கு ஐபெரிஸ் செம்பர்வைரன்ஸ், 30 செ.மீ.க்கு மேல் வளராது, ஏப்ரலிலேயே பூத்துவிடும். அக்விலீஜியாவும் ‘கலஹாட்’ டெல்ஃபினியமும் மூன்றாவது படி. முதல் ஆண்டே அவற்றில் இறங்கி மனம் நொந்துபோக வேண்டாம்.

ஃபாக்ஸ்குளோவ், டெல்ஃபினியம் இரண்டும் விதை முதல் இலை வரை நஞ்சு. லூபின் விதையும் அப்படித்தான். சின்னக் குழந்தைகளோ செடியை மெல்லும் நாயோ வீட்டில் இருந்தால் இவற்றை விட்டுவிட்டு மால்வா, காம்பனுலா என்று போங்கள்.

3. பாக்கெட்டையும் காகிதங்களையும் படியுங்கள்

முன்பக்கப் படத்தை நம்பாதீர்கள், பின்பக்கத்தைப் பாருங்கள். முதலில் தாவரவியல் பெயர். அதில் ஆல்பா, ஆல்பஸ், ஆல்பம், ஆல்பிஃப்ளோரா என்று ஏதாவது ஒன்று இருந்தால் வெள்ளை வகை. வெறும் ‘கலவை’ என்றிருந்தால் அதில் வெள்ளை எத்தனை வரும் என்பது அதிர்ஷ்டம். ‘எஃப்1’ (இரண்டு ரகங்களை இணைத்து எடுத்த முதல் தலைமுறைக் கலப்பு விதை) என்றிருந்தால் செடிகள் ஒரே சீராக வரும், ஆனால் அவற்றிலிருந்து எடுக்கும் விதை அப்படியே வராது. விலையும் கூடுதல்.

அடுத்து, பொதி செய்த ஆண்டு அல்லது ‘இதற்குள் விதைக்கவும்’ என்ற தேதி. மால்வா, லிக்னிஸ் விதைகள் ஓரிரு ஆண்டு பழசானாலும் முளைக்கும். டெல்ஃபினியம் அப்படி இல்லை. அறை வெப்பத்தில் கிடந்தால் அதன் முளைப்புத்திறன் மளமளவென்று இறங்கிவிடும். வாங்கிய அன்றே காற்றுப்புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். கடை ஜன்னலோரம் வெயிலில் தொங்கிய டெல்ஃபினியம் பாக்கெட் பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

வெளிநாட்டுக் கடையில் ஆர்டர் போடுபவர்கள் கவனிக்க: பல நாடுகள் சிறு விதைப் பொட்டலத்துக்குக்கூடத் தாவர சுகாதாரச் சான்றிதழ் கேட்கின்றன. அது இல்லாமல் வந்தால் சுங்கத்தில் நிறுத்தி அழித்துவிடுவார்கள், பணமும் திரும்பாது. சான்றிதழுக்கான கட்டணம் சில சமயம் விதையின் விலையைவிடப் பல மடங்கு ஆகும். பயணப் பெட்டியில் கொண்டுவந்தால் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். இன்னொன்று, சில செடிகள் சில இடங்களில் ஆக்கிரமிப்புக் களை என்று தடை செய்யப்பட்டவை. மாலையில் மணக்கும் ஹெஸ்பெரிஸ் அருமையான வெள்ளைப் பூதான், ஆனால் வட அமெரிக்காவில் சில மாநிலங்களில் அதை வளர்ப்பதற்கோ விற்பதற்கோ தடை உண்டு. உங்கள் பகுதியின் களைப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிட்டு வாங்குங்கள்.

4. செலவு எங்கே போகும்

ஒரு விதைப் பாக்கெட் பெரும்பாலும் நர்சரியில் ஒரே ஒரு தொட்டிச் செடிக்குக் கொடுக்கும் பணத்துக்குள் முடிந்துவிடும். அந்த ஒரு பாக்கெட்டில் ஒரு பாத்தியையே நிரப்பலாம். இந்தக் கணக்கைப் பார்த்து மயங்கித்தான் பலர் பன்னிரண்டு வகை பாக்கெட் வாங்கிவிடுகிறார்கள். உண்மையான செலவு அதற்குப் பிறகுதான் வரும். ஐம்பது நாற்று முளைத்தால் ஐம்பது தொட்டி, அதற்கு மண்கலவை, வைக்க இடம், தினமும் தண்ணீர். செடி வெளியே போவதற்குள் பெரும்பாலானவற்றை இரண்டு முறை தொட்டி மாற்ற வேண்டியிருக்கும்.

அதனால் முதல் ஆண்டில் நான்கு வகை போதும். ஒரு வகைக்கு ஐந்து முதல் ஏழு செடி தேவை என்று வைத்துக்கொண்டால் இருபது விதை போட்டால் போதும். மிச்சத்தை மடித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். முதல் தவணை கைவிட்டால் இரண்டாவது தவணைக்கு உதவும். வெப்பத்தட்டு, செயற்கை விளக்கு எதுவும் வாங்க வேண்டாம். கோடையில் விதைத்தால் அவற்றுக்கு வேலையே இல்லை. நல்ல விதைப்புக் கலவைக்கு மட்டும் காசு பார்க்காதீர்கள். தோட்டத்து மண்ணை அள்ளித் தட்டில் போட்டால் அதிலிருக்கும் களையும் பூஞ்சையும்தான் முதலில் முளைக்கும்.

5. எப்போது விதைப்பது

மூன்று தவணை இருக்கிறது.

பிப்ரவரி கடைசி, மார்ச்: வீட்டுக்குள் ஜன்னலோரம். எக்கினேசியா, ஷாஸ்டா இரண்டையும் இப்போது போட்டால் அந்த ஆண்டு கடைசியிலேயே சில பூக்களைக் காட்டக்கூடும். ஆனால் வெளிச்சம் போதாமல் நாற்று வெளிறி நீண்டு சாய்ந்துவிடும். வெளிச்சமான இடம் இல்லாதவர்கள் இந்தத் தவணையை விட்டுவிடலாம்.

மே கடைசி முதல் ஜூலை நடுப்பகுதி வரை: இதுதான் முக்கியமான தவணை. ஃபாக்ஸ்குளோவ், மால்வா, லிக்னிஸ், காம்பனுலா, வெர்பாஸ்கம், லூபின் எல்லாம் இப்போது. மண் சூடாக இருக்கும், பகல் நீளம், நாற்று குட்டையாகத் திடமாக வளரும். செப்டம்பருக்குள் நடும் அளவுக்கு வந்துவிடும். ஜூலையைத் தாண்டினால் செடி சின்னதாகவே குளிர்காலத்துக்குள் போகும். ஃபாக்ஸ்குளோவின் இலைக்கொத்து போதுமான அளவு பெருக்காவிட்டால் மறு ஆண்டும் பூக்காமல் இழுத்தடிக்கும்.

அக்டோபர், நவம்பர்: அக்விலீஜியா மாதிரிக் குளிர் பட்டால்தான் முளைக்கும் விதைகளுக்கு. தொட்டியில் விதைத்து, மேலே மெல்லிய பொடிக்கல் தூவி, வெளியில் நிழலான சுவரோரம் வைத்துவிடுங்கள். குளிர்காலம் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். எலி, பறவை கிளறாமல் இருக்க ஒரு கம்பி வலை போதும்.

6. விதைக்கும் முறை: விதையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

ஆரம்பத்தில் சொன்ன முரண்பாடு இங்கேதான் தீரும்.

தூள் விதைகளை மூடாதீர்கள். ஃபாக்ஸ்குளோவ், காம்பனுலா விதையை உள்ளங்கையில் கொட்டினால் மூக்குப்பொடி மாதிரி இருக்கும். மூச்சு விட்டால் பறந்துவிடும். இவை முளைக்க வெளிச்சம் வேண்டும். ஒரு சிட்டிகை விதையை இரண்டு ஸ்பூன் உலர்ந்த மெல்லிய மணலோடு கலந்து தூவுங்கள். மணல் விழுந்த இடத்தைப் பார்த்தாலே விதை எங்கே விழுந்தது என்று தெரியும். தூவுவதற்கு முன்பே கலவையை ஈரமாக்கிவிடுங்கள். தூவிய பின் மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் விதை எல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். தட்டை ஓர் அகலத் தட்டத்துத் தண்ணீரில் வைத்து, மேல்மண் கறுத்து ஈரம் ஏறியதும் எடுத்துவிடுங்கள். மேலே கண்ணாடியோ பிளாஸ்டிக் உறையோ போட்டு நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள்.

நடுத்தர விதைகளான ஷாஸ்டா, மால்வா, லிக்னிஸ், எக்கினேசியா ஆகியவற்றுக்கு விதையின் பருமன் அளவுக்கு மெல்லிய மூடல் போதும். வெர்மிகுலைட் (சூட்டில் பொரித்த லேசான கனிமத் துகள்) இருந்தால் அதைத் தூவலாம். வெளிச்சமும் போகும், ஈரமும் நிற்கும்.

தோல் கெட்டியான லூபின் விதையை ஒருநாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். ஊறியவை இரண்டு மடங்கு பருத்துவிடும். பருக்காமல் அப்படியே கிடப்பவற்றை உப்புத்தாளில் ஒரு பக்கம் லேசாகத் தேய்த்து மறுபடி ஊறவையுங்கள். ஒரு தொட்டிக்கு ஒரு விதை, ஒரு செ.மீ. ஆழம். இதற்கு ஆணிவேர் உண்டு, வேரைக் கிளறினால் கோபித்துக்கொள்ளும். அதனால் ஆழமான தொட்டியே நல்லது.

குளிர் கேட்கும் அக்விலீஜியாவை வெளியில் வைக்க வசதி இல்லை என்றால், ஈரமான காகிதத் துண்டில் மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, ஃபிரிட்ஜில் நான்கு வாரம் வைத்து விதைக்கலாம். ஃபிரிட்ஜ்தான், ஃப்ரீசர் இல்லை. விதை ஈரமாக இருப்பது அவசியம். உலர்ந்த பாக்கெட்டை அப்படியே வைத்தால் அது சேமிப்புதான், முளைப்புக்கான குளிர் அதில் சேராது.

எல்லாத் தட்டிலும் பெயரும் தேதியும் பென்சிலால் எழுதிய லேபிள் இருக்கட்டும். பேனா மை ஒரு மாதத்தில் வெளுத்துவிடும். வெள்ளைப் பூச்செடிகளை மட்டுமே வளர்க்கும்போது லேபிள் போனால் எது எது என்று தெரிய அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும்.

7. எத்தனை நாள் காத்திருப்பது

15 முதல் 20 டிகிரி செல்சியஸ் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். ஷாஸ்டா, மால்வா, லிக்னிஸ், எக்கினேசியா இரண்டு மூன்று வாரத்தில் தலை காட்டும். காம்பனுலாவுக்கு நான்கு வாரம் கொடுங்கள். டெல்ஃபினியம் 15 டிகிரி அளவில்தான் நன்றாக முளைக்கும். வெப்பம் ஏறினால் தூங்கிவிடும். அதனால் கொளுத்தும் ஜூலையில் அதைத் தொடாதீர்கள், மார்ச் கடைசியில் குளிர்ந்த அறையில் வையுங்கள். அக்விலீஜியா ஒரு மாதத்திலும் வரும், மூன்று மாதத்திலும் வரும். ஒன்றும் முளைக்கவில்லை என்று தட்டைக் கொட்டிவிடுவதுதான் இதில் சர்வசாதாரணமான இழப்பு. அடுத்த வசந்தம் வரை ஒரு மூலையில் கிடக்கட்டும், ஈரம் மட்டும் காயாமல் பாருங்கள்.

8. முளைத்த பிறகு வரும் ஆபத்து

நேற்று நன்றாக நின்ற நாற்றுகள் காலையில் தண்டு அடியில் இற்று, படுத்துக் கிடந்தால் அது நாற்றழுகல். வந்த பிறகு மருந்து தேடுவதில் பயன் இல்லை. பாதிக்கப்பட்ட பகுதியை மண்ணோடு எடுத்துப் போட்டுவிடுங்கள். வராமல் தடுப்பது எளிது: அடர்த்தியாக விதைக்காதீர்கள், முளைத்த அன்றே மூடியை எடுத்துவிடுங்கள், கீழிருந்தே தண்ணீர் கொடுங்கள், மேல்மண் லேசாகக் காய்ந்த பிறகு அடுத்த தண்ணீர்.

வித்திலைகளுக்கு அடுத்து வரும் நிஜ இலை ஒரு ஜோடி வந்ததும் தனித்தனித் தொட்டிக்கு மாற்றலாம். இலையைப் பிடித்துத் தூக்குங்கள், தண்டைப் பிடிக்காதீர்கள். இலை கிழிந்தால் இன்னொன்று வரும், தண்டு நசுங்கினால் நாற்று போச்சு. காம்பனுலா நாற்று ஒவ்வொன்றாக எடுக்க முடியாத அளவுக்குப் பொடியாக இருக்கும். நான்கைந்தை ஒரு கொத்தாகவே எடுத்து வையுங்கள், ஒன்றும் ஆகாது.

வீட்டுக்குள் வளர்ந்தவற்றை நேரே வெளியே நடக்கூடாது. பத்து நாள் பழக்குங்கள்: முதலில் நிழலில் சில மணி நேரம், பிறகு காலை வெயில், கடைசியில் இரவும் வெளியே.

9. நடவு

மண் இன்னும் சூடு ஆறாத செப்டம்பர்தான் சரியான காலம். மண் உறைவதற்குக் குறைந்தது ஆறு வாரம் முன்பாவது வேர் பிடித்திருக்க வேண்டும். தாமதமாகிவிட்டால் தொட்டியிலேயே குளிர்காலத்தைக் கழிக்கவிட்டு மார்ச், ஏப்ரலில் நடுங்கள்.

காட்டேஜ் தோட்டம் என்றால் நெருக்கமாகத்தான் இருக்கும், ஆனாலும் லிக்னிஸ், காம்பனுலாவுக்கு 30 செ.மீ., ஷாஸ்டா, ஃபாக்ஸ்குளோவ், எக்கினேசியாவுக்கு 45, மால்வா, லூபினுக்கு 60 விடுங்கள். ஒன்றிரண்டாகத் தெளித்து நட்டால் வெள்ளை எடுபடாது. மூன்று, ஐந்து என்று கூட்டமாக நடுங்கள்.

குளிரைவிட ஈரம்தான் அதிகச் செடிகளைக் கொல்கிறது. லிக்னிஸ், ஐபெரிஸ், எக்கினேசியா மூன்றும் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். களிமண்ணாக இருந்தால் பொடிக்கல் கலந்து மேடாக்கி நடுங்கள். மூடாக்கு (மண்ணின் மேல் பரப்பும் மக்கு, இலைச்சருகு) போடுவது நல்லதுதான், ஆனால் செடியின் கழுத்தை ஒட்டிக் குவிக்காதீர்கள்.

10. முதல் குளிர்காலம்: செத்துவிட்டதா?

ஃபாக்ஸ்குளோவ், லிக்னிஸ், காம்பனுலா பெரும்பாலும் இலைக்கொத்தோடு நிற்கும். லூபின், டெல்ஃபினியம், எக்கினேசியா மண்ணுக்குள் போய்விடும். மேலே ஒரு காய்ந்த குச்சி மட்டும்தான் இருக்கும். அந்த இடத்தில் குச்சி நட்டு வையுங்கள், இல்லாவிட்டால் மார்ச்சில் நீங்களே மண்வெட்டியால் வெட்டிவிடுவீர்கள். எக்கினேசியா மற்றவை எல்லாம் தழைத்த பிறகே மெதுவாக எழுந்து வரும், பயப்பட வேண்டாம். டெல்ஃபினியம், லூபின் தளிர் எட்டிப்பார்க்கும் வாரத்தில் நத்தைகள் அதற்கு முன்பே வந்து காத்திருக்கும். இருட்டியதும் டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதுதான் எனக்குத் தெரிந்ததில் நிச்சயமான வழி.

11. வெள்ளையை வெள்ளையாகவே வைத்திருக்க

இரண்டாம் ஆண்டு பூக்கும்போது நடுவில் இளஞ்சிவப்பு ஒன்று தலைநீட்டும். நல்ல விதையிலும் இது நடக்கும். ஃபாக்ஸ்குளோவில் பூக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இலைக்காம்பைத் திருப்பி, அடிப்பக்கத்தையும் நடு நரம்பையும் வெளிச்சத்தில் பாருங்கள். ஊதா கலந்த சிவப்புச் சாயல் ஓடியிருந்தால் அது நிறப்பூ. சுத்தமான வெளிர்ப் பச்சையாக இருந்தால் பெரும்பாலும் வெள்ளை. காம்பில் ஏறுவதும் பூவில் ஏறுவதும் ஒரே வகை நிறமி என்பதால் இப்படி. தொட்டி மாற்றும்போதே இந்தச் சோதனையைச் செய்தால் தேவையில்லாத செடிக்குத் தொட்டியும் மண்ணும் செலவழிக்க வேண்டியிருக்காது.

தப்பி வந்த நிறச்செடியை முதல் மொட்டு நிறம் காட்டும்போதே பிடுங்குங்கள். அழகாக இருக்கிறதே என்று விட்டால் தேனீ அதன் மகரந்தத்தை வெள்ளைப் பூவுக்குக் கொண்டுபோகும். ஃபாக்ஸ்குளோவில் வெள்ளை நிறம் அடங்கிப்போகும் குணம் என்பதால் அடுத்த தலைமுறையில் நிறம் திரும்பிவிடும். அக்விலீஜியாவில் கலப்பு இன்னும் அதிகம். பக்கத்து வீட்டில் நீலமோ ஊதாவோ இருந்தால் உங்கள் செடியின் விதையை நம்ப முடியாது. தாய்ச்செடியை மட்டும் வைத்துக்கொண்டு, அதன் காய் முற்றும் முன் நறுக்கிவிடுங்கள். மால்வாவிலும் லிக்னிஸிலும் சுற்றிலும் நிறச்செடி இல்லாதவரை விதை பெரும்பாலும் வெள்ளையாகவே வரும்.

வாடிய வெள்ளைப் பூ பழுப்பாகித் தொங்குவது வேறு எந்த நிறத்தையும்விடக் கண்ணை உறுத்தும். ஷாஸ்டா, காம்பனுலா பூக்களை வாரம் ஒருமுறை கிள்ளிவிடுங்கள். மறுபடி மொட்டு வரும். ஷாஸ்டாவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தோண்டிப் பிரித்து நடாவிட்டால் நடுவில் சொட்டை விழும்.

விதை எடுக்க நினைத்தால் கடைசிச் சுற்றுப் பூக்களைக் கிள்ளாமல் விடுங்கள். காய் பழுப்பாகி, குலுக்கினால் சலசலக்கும்போது, பனி உலர்ந்த பிறகு தண்டோடு வெட்டிக் காகித உறைக்குள் தலைகீழாகப் போடுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், புழுங்கிவிடும். இரண்டு வாரம் நிழலில் காய்ந்ததும் சலித்து, பெயரும் ஆண்டும் எழுதி டப்பாவில் வையுங்கள். ஃபாக்ஸ்குளோவ் ஒரே தண்டில் ஆயிரக்கணக்கில் விதை தரும் என்பதால் ஒரு செடிக்கு மேல் விட வேண்டாம்.